அப்பா கட்டாமல் விட்ட வரியை யார் கட்டுவது?

கேள்வி அனுப்பியிருப்பவர் காட்பாடியைச் சேர்ந்த ஒரு சகோதரி. அவருடைய தந்தை பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 74 வயதில், 2025 ஆகஸ்ட் மாதம் காலமானார். உயில் எழுதவில்லை. சத்துவாச்சாரியில் அவர் சுயமாகக் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. அதன் கீழ்ப்பகுதி வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. அணைக்கட்டு பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலமும், வங்கியில் 11 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் உண்டு. வைப்புத்தொகைக்கு நாமினி பெங்களூரில் இருக்கும் மூத்த மகன். அவர் அதில் 9 லட்சத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டார். இளைய மகன் லண்டனில் வேலை பார்க்கிறார்.

தந்தை 2022 ஆகஸ்டில் ராணிப்பேட்டையில் இருந்த காலி மனை ஒன்றை 32 லட்சத்துக்கு விற்று, அதில் 15 லட்சத்தை மூத்த மகன் வீடு வாங்கக் கொடுத்திருக்கிறார். வருமான வரிக் கணக்கை அவர் தாக்கல் செய்யவே இல்லை. இப்போது அந்த விற்பனையைப் பற்றி விளக்கம் கேட்டு, இறந்துபோன தந்தையின் பெயருக்கே வருமான வரித்துறை நோட்டீஸ் வந்திருக்கிறது. "சொத்து கைக்கு வந்தால் நாற்பது சதவீதம் வாரிசு வரி கட்ட வேண்டும், ஆளுக்கு ஒரு பங்கு போடுங்கள்" என்கிறார் லண்டன் தம்பி. "உன் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடு, வரித் தொல்லையை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் அண்ணன். "வாரிசு வரி கட்டிய ரசீது இல்லாமல் பட்டா மாறாது, அறுபதாயிரம் கொடுங்கள், முடித்துத் தருகிறேன்" என்கிறார் ஒரு இடைத்தரகர். "அம்மா, நாங்கள் மூன்று பேர் என நான்கு வாரிசுகள். கே.வி.குப்பத்தில் எண்பத்தெட்டு வயதில் இருக்கும், அப்பாவைப் பெற்ற எங்கள் ஆயாவையும் நான்தான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். என் சம்பளத்திலிருந்து அப்பாவின் வரியைக் கட்ட நேரிடுமா?" என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கவனமாக இருந்தால், உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாய்கூடக் கட்ட நேராது. அந்தக் கவனம் எந்த இடத்தில் தேவை என்பதைத்தான் இந்தப் பதிலில் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் உங்கள் வீட்டில் இப்போது எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும் வரி வேறு, உண்மையில் வாசலில் வந்து நிற்கும் வரி வேறு.

வாரிசு வரி என்ற ஒன்று இங்கே இல்லை

இந்தியாவில் ஒருவர் இறந்து அவருடைய சொத்து பிள்ளைகளுக்கு வருவதற்கு இன்று எந்த வரியும் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. 1953ஆம் ஆண்டின் எஸ்டேட் டூட்டி சட்டத்தின் கீழ், பெரிய சொத்துகளின் மேல் அடுக்குக்கு 85 சதவீதம் வரைகூட விதிக்கப்பட்டது. 1985 மார்ச் 16 முதல் நிகழும் மரணங்களுக்கு அந்த வரி நீக்கப்பட்டுவிட்டது. 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் இந்த வரியைப் பற்றிய பேச்சு மேடைகளில் அடிபட்டதால், அது ஏதோ சட்டமாகவே வந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அப்படி எதுவும் வரவில்லை. வாரிசுரிமையாகவோ உயில் மூலமாகவோ வரும் சொத்தை, பெறுகிறவருடைய வருமானமாகவும் வருமான வரிச் சட்டம் கருதுவதில்லை.

உங்கள் தம்பி சொல்லும் நாற்பது சதவீதம் அவர் வாழும் நாட்டின் கணக்கு. பிரிட்டனில் 3,25,000 பவுண்டு என்ற அடிப்படை வரம்புக்கு மேற்பட்ட சொத்துக்கு 40 சதவீதம் வரி உண்டு. அங்கேயும் அது பொதுவாக இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கட்டப்படுவதுதான். உங்கள் தந்தை வேலூரிலேயே வாழ்ந்து, இங்கேயே சொத்து வைத்திருந்தவர். மகன் லண்டனில் இருக்கிறார் என்பதற்காக சத்துவாச்சாரி வீட்டுக்கு அந்த வரி வராது. தம்பி பயத்தில் சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், கோபப்பட வேண்டாம்.

வாசலில் நிற்பது அப்பாவின் கடன்

வந்திருக்கும் நோட்டீஸ் நீங்கள் சொத்து பெற்றதற்காக வந்ததல்ல. உங்கள் தந்தை உயிரோடு இருந்தபோது மனை விற்றதில் கிடைத்த மூலதன ஆதாயத்துக்கு அவர் கட்டியிருக்க வேண்டிய வரி தொடர்பானது. 30 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்து பத்திரப் பதிவுகளைச் சார்பதிவாளர் அலுவலகம் அப்போது ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குத் தெரிவித்துவந்தது. 32 லட்சப் பத்திரம் அந்த வழியாகவே கண்ணில் பட்டிருக்கும்.

இந்தக் கடனை யார் தீர்ப்பது என்பதை 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 159ஆவது பிரிவு சொல்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பது புதிய வருமான வரிச் சட்டம் என்றாலும், உங்கள் தந்தையின் 2022-23 நிதியாண்டுக் கணக்குக்குப் பழைய சட்டமே பொருந்தும். அந்தப் பிரிவின்படி, இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்குமோ அவ்வளவையும் அவருடைய சட்டப்பூர்வப் பிரதிநிதிகள், அதாவது வாரிசுகள், கட்ட வேண்டும். ஆனால் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்குத்தான் கட்ட வேண்டும். சொத்து 5 லட்சமும் வரி 8 லட்சமும் ஆனால், மீதி 3 லட்சத்துக்கு உங்கள் சொந்தப் பணத்தைத் தொட முடியாது. வரி ஏய்ப்புக்கான கிரிமினல் வழக்கு ஏதாவது இருந்தாலும் அது இறந்தவரோடு முடிந்துவிடும். பிள்ளைகள் மேல் ஏறாது.

ஆகவே "ஆளுக்கு ஒரு பங்கு போடுவோம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்பாவின் வரி அப்பாவின் பணத்திலிருந்து போக வேண்டும். வைப்புத்தொகையாக 11 லட்சம் இருந்திருக்கிறது. அதிலிருந்து முதலில் வரியைக் கட்டிவிட்டு, மிச்சத்தைப் பங்கிடுவதே முறை. உங்கள் அம்மாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்தையும் இதில் கலக்காதீர்கள். அது அப்பா விட்டுச்சென்ற சொத்தல்ல, அம்மாவுக்கே உரிய வருமானம்.

எவ்வளவு வரும் என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் தெரியாத தொகைதான் அதிகம் பயமுறுத்துகிறது. மனையை 2001க்கு முன்பே வாங்கியிருந்தார் என்றால், 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது, பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயித்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. பேச்சுக்கு அதை 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2022-23ஆம் ஆண்டின் பணவீக்கக் குறியீடு 331, அதாவது 2001ஆம் ஆண்டு மதிப்பைப்போல் 3.31 மடங்கு. ஆகவே அடக்கவிலை 6,62,000 ஆகிறது. 32 லட்சத்தில் அதைக் கழித்தால் ஆதாயம் 25,38,000. அதற்கு 20 சதவீதம் என்றால் ஏறத்தாழ 5,08,000 ரூபாய். அதன்மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி. தரகுக் கூலி கொடுத்ததற்கு ஆதாரம் இருந்தால் அதையும் ஆதாயத்தில் கழிக்கலாம். கணக்குத் தாக்கல் செய்யாததற்கு மாதம் 1 சதவீதம் வட்டி வரும். ஆனால் தொழில், வியாபார வருமானம் இல்லாத மூத்த குடிமக்கள் முன்கூட்டிய வரி கட்ட வேண்டியதில்லை என்பதால், அதைக் கட்டத் தவறியதற்கான இன்னொரு வட்டி உங்கள் தந்தைக்குப் பொருந்தாது. ஓய்வூதியதாரர்களின் கணக்கில் அந்த வட்டியும் சேர்ந்து வந்துவிடுவதுண்டு. உங்கள் ஆடிட்டரிடம் இதை மறக்காமல் கேளுங்கள்.

ராணிப்பேட்டை மனையின் மூலப்பத்திரத்தில் 'வடஆற்காடு மாவட்டம்' என்று இருக்கலாம். மாவட்டம் 1989இலும் 2019இலும் பிரிக்கப்பட்டதால் பெயர் மாறியிருக்கிறதே தவிர, பத்திரத்தின் செல்லுபடிக்கு ஒரு குறையும் இல்லை. 2001ஆம் ஆண்டு வழிகாட்டி மதிப்பை அந்த மனை எந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள் வருகிறதோ அங்கே விண்ணப்பித்து எழுத்து மூலமாக வாங்கி வையுங்கள். இந்த வழக்கில் வரித் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ போகும் காகிதம் அதுதான்.

இறந்தவர் பெயருக்கு வந்த நோட்டீஸ்

பழைய ஆண்டின் கணக்கை மறுபடி திறக்கும் இத்தகைய மறுமதிப்பீட்டு நோட்டீஸ் இறந்துபோனவர் பெயருக்கு அனுப்பப்பட்டால் செல்லாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. 2018இல் சென்னை உயர் நீதிமன்றம், மரணத்தை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டக் கடமையே வாரிசுகளுக்கு இல்லை என்றும், இறந்தவர் பெயரில் அனுப்பிய நோட்டீஸை வைத்து வாரிசுகள் மேல் நடவடிக்கை தொடர முடியாது என்றும் தீர்ப்பளித்தது. இதை யாராவது உங்களிடம் சொல்லி, "குப்பையில் போடுங்கள்" என்று ஆலோசனை தரக்கூடும். அதைக் கேட்காதீர்கள். உங்கள் விஷயத்தில் வாரிசுகளின் பெயரில் புதிய நோட்டீஸ் அனுப்புவதற்குத் துறைக்கு இன்னும் கால அவகாசம் இருக்கிறது. பதில் சொல்லாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாக மதிப்பீடு போடப்பட்டு, அடக்கவிலைகூடக் கழிக்கப்படாமல் 32 லட்சம் முழுவதும் வருமானமாகக் கணக்கிடப்படும் ஆபத்து உண்டு. அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்கும் ரிட் மனுவுக்கும் ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே நோட்டீஸில் சொல்லப்பட்ட நாளுக்குள், இறப்புச் சான்றிதழை இணைத்து, "இவர் இந்தத் தேதியில் காலமாகிவிட்டார், நோட்டீஸ் அவர் பெயரில் இருப்பதால் செல்லத்தக்கதல்ல என்ற ஆட்சேபத்தை விட்டுக்கொடுக்காமல் இந்தப் பதிலைத் தருகிறோம்" என்று எழுதிப் பதில் தாருங்கள். அந்த ஒரு வாக்கியம் பின்னால் உங்களைக் காக்கும். வாரிசுகளில் ஒருவர் வருமான வரி இணையதளத்தில் சட்டப்பூர்வ வாரிசாகப் பதிவுசெய்துகொண்டால்தான் தந்தையின் கணக்கில் நுழைந்து பதில் ஏற்ற முடியும். இறப்புச் சான்றிதழ், தந்தையின் பேன் அட்டை, பதிவு செய்பவரின் பேன் அட்டை, வாரிசு சான்றிதழ் ஆகியவை தேவைப்படும். இதை உங்கள் அண்ணனிடம் விட்டுவிடாமல் நீங்களே செய்யுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். பதில் எழுதுகிறவரின் கையில்தான் கணக்கு இருக்கும். 15 லட்சமும் 9 லட்சமும் கைக்கு வந்தவர் அந்தக் கணக்கை எழுதுவது அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் நல்லதல்ல.

இதே பதிவைக் கொண்டு இன்னொரு வேலையும் முடிக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் அப்பா காலமான நாள் வரையிலான ஓய்வூதியம், வட்டி, வாடகை ஆகியவற்றுக்கு அவர் பெயரில் ஒரு கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கலாம். அந்த நாளுக்குப் பிறகு வரும் வாடகையும் வட்டியும் வாரிசுகளின் வருமானம். வங்கிக்கு மரணத்தைத் தெரிவிக்காமல் விட்டால், மீதியிருக்கும் வைப்புத்தொகையின் வட்டியில் டிடிஎஸ் என்ற வரிப் பிடித்தம் செய்து அதை இறந்தவரின் பேன் எண்ணிலேயே வரவு வைத்துக்கொண்டிருப்பார்கள். அதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

நான்கு பேர் அல்ல, ஐந்து பேர்

கடிதத்தில் உங்கள் ஆயாவைப் பாசத்தோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள், ஆனால் வாரிசுக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அவரைப் பெற்ற தாயும் சமமாக வருகிறார். உங்கள் தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்தில் அம்மாவுக்கும், பிள்ளைகள் மூவருக்கும், கே.வி.குப்பத்தில் இருக்கும் ஆயாவுக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. அணைக்கட்டு நிலம் தாத்தா வழி வந்தது என்றால் கணக்கு மாறக்கூடும். மூலப்பத்திரத்தைப் பார்க்காமல் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

இது வெறும் பங்குக் கணக்கோடு நிற்பதல்ல. வட்டாட்சியர் தரும் வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது ஆயாவின் பெயரை விட்டுவிட்டால், கிராம நிர்வாக அலுவலர் விசாரணையிலேயே அது தடைபடலாம். தடைபடாமல் தப்பினால் அது இன்னும் மோசம். தவறான தகவலின் மேல் வாங்கிய சான்றிதழை வைத்து நீங்கள் எழுதும் எந்தப் பத்திரமும், நாளைக்கு அத்தையோ சித்தப்பாவோ வழக்குப் போட்டால் ஆட்டம் கண்டுவிடும். ஆயாவின் காலத்துக்குப் பிறகு அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும் என்பதையும் உங்கள் வீட்டில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர் தெளிவான நினைவோடு இருக்கும்போதே, அவர் மனப்பூர்வமாக விரும்பினால் மட்டும், அதற்கான பத்திரத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். அவரைக் கட்டாயப்படுத்துவது சட்டப்படியும் செல்லாது, நியாயமும் அல்ல.

விடுதலைப் பத்திரத்தில் இப்போது கையெழுத்திடாதீர்கள்

இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். 159ஆவது பிரிவில் ஒரு உட்பிரிவு உண்டு: இறந்தவரின் வரிப்பாக்கி தீராமல் இருக்கும்போது, வாரிசு ஒருவர் அந்தச் சொத்தை அடமானம் வைத்தாலோ, விற்றாலோ, வேறு விதமாகக் கைமாற்றிவிட்டாலோ, அந்தச் சொத்தின் மதிப்பளவுக்கு அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாகிவிடுவார். சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு என்று மேலே சொன்ன பாதுகாப்பு, இந்த இடத்தில்தான் ஓட்டை விழுகிறது. நீங்கள் இன்றைக்கு அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், கையில் பத்து பைசா வாங்காமலேயே, உங்கள் பங்கைக் கைமாற்றியவர் ஆகிறீர்கள். அண்ணன் வரியைக் கட்டாமல் விட்டால், துறை உங்களைத் தேடி வருவதற்கு அந்தப் பத்திரமே வழி காட்டும். "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் வாயால் சொன்னது வருமான வரித்துறையைக் கட்டுப்படுத்தாது.

இந்த ஆபத்து அண்ணனுக்கும் இருக்கிறது. நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ள அனுமதிக்கப்பட்டவர்தான், உரிமையாளர் அல்லர் என்பது உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் உறுதி செய்திருக்கும் நிலை. எடுத்த 9 லட்சம் ஐந்து வாரிசுகளுக்கும் பொதுவானது. அதை அவர் செலவழித்துவிட்டு வரிப்பாக்கியைக் கட்டாமல் இருந்தால், அந்த 9 லட்சத்துக்கு அவரே தனிப்பட்ட முறையில் பதில் சொல்ல நேரும். இதை மிரட்டலாகச் சொல்லாமல், பிரிவைக் காட்டி அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவரே அந்தப் பணத்தை வரிக்கென்று ஒதுக்க முன்வருவதற்கு வாய்ப்பு உண்டு.

மனை விற்ற பணத்தில் 15 லட்சம் வாங்கியவர் அவர்தானே, அந்த வரியை அவரே கட்டட்டும் என்று நீங்கள் கேட்டால், மனிதருக்கு மனிதர் அது நியாயமாகப் படும். ஆனால் தந்தை உயிரோடு இருந்தபோது தன் விருப்பத்தில் கொடுத்தது அன்பளிப்பு. அது அவர் விட்டுச்சென்ற சொத்தில் சேராது, பங்கில் தானாகக் கழியவும் கழியாது. சட்டத்தின் மூலம் அதைத் திருப்பிக் கேட்க முடியாது, பேச்சுவார்த்தையில் கேட்கலாம். பெரியவர்களை வைத்துப் பேசி, அண்ணன் தன் பங்கில் ஒரு பகுதியை அதற்கு ஈடாக விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால், அதைப் பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதிப் பதிவு செய்யுங்கள். வாய்ப்பேச்சு, வெள்ளைத்தாள் ஒப்பந்தம் இரண்டும் வேண்டாம். வரி கட்டிய செலான், மதிப்பீட்டு உத்தரவு ஆகியவற்றின் விவரத்தையும் அந்தப் பத்திரத்தில் குறிப்பிட்டுவிட்டால், பின்னாளில் யாரும் யாரையும் கேட்க முடியாது.

பின்னால் வீட்டை விற்பதாக இருந்தால்

வாரிசாக வந்த சொத்துக்கு வரி இல்லை என்றாலும், நீங்கள் அதை விற்கும்போது மூலதன ஆதாய வரி உண்டு. அடக்கவிலையாக அப்பா வாங்கிய, கட்டிய செலவே கொள்ளப்படும். அவர் வைத்திருந்த காலமும் உங்கள் காலத்தோடு சேரும். 2024 ஜூலை 23க்கு முன்பு வாங்கிய வீடு, மனைகளுக்கு, பணவீக்கக் குறியீடு இல்லாமல் 12.5 சதவீதமா, குறியீட்டோடு 20 சதவீதமா என்று எது குறைவோ அதைக் கட்டும் சலுகை இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். லண்டன் தம்பியின் பங்குக்கு அது கிடைக்காது; வாங்குகிறவர் அவருக்குக் கொடுக்கும் தொகையில் வரியைப் பிடித்தம் செய்தே தர வேண்டியிருக்கும். ஆகவே விற்பதற்கு முன் அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அறுபதாயிரம் கேட்கும் அந்த இடைத்தரகர். பட்டா மாற்றத்துக்கு இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று போன்றவைதான் கேட்கப்படும். இல்லாத வரிக்கு ரசீது கேட்க எந்த அலுவலருக்கும் அதிகாரம் இல்லை. சத்துவாச்சாரி வீட்டுக்கு மாநகராட்சியில் கட்ட வேண்டிய சொத்து வரி மட்டும் உண்மையான பாக்கி. அது வீட்டைத் தொடர்ந்து வருவது என்பதால், நிலுவை இருந்தால் அதையும் அப்பாவின் பணத்திலிருந்தே கட்டி, ரசீதோடு வரிவிதிப்பில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். தரகரிடம் ஏற்கெனவே அசல் பத்திரம் எதையாவது கொடுத்திருந்தால், இன்றைக்கே போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள். அதன் பிறகு நோட்டீஸையும், 2022ஆம் ஆண்டு விற்பனைப் பத்திர நகலையும், மனையின் மூலப்பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, நோட்டீஸில் உள்ள கெடு முடிவதற்குள் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.